தென்னங்கொண்டையைத் தரையில் நின்று பார்க்க எந்த அளவு ஸ்கோப் போதும்?

தென்னந்தோப்பில் காய் வெட்ட 45 நாளுக்கு ஒருமுறை, சில ஊர்களில் 60 நாளுக்கு ஒருமுறை ஆள் வருகிறார். கொண்டையை ஒரு மனிதர் பக்கத்தில் இருந்து பார்ப்பது அன்று மட்டும்தான். அவர் கண்ணும் முற்றிய குலை மீதுதான் இருக்கும். நடுக்குருத்து எப்படி இருக்கிறது, ஓலையின் அடிப்பக்கத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்க்க அவருக்கு நேரம் கிடையாது. நீள மூங்கிலில் அரிவாள் கட்டிக் காய் பறிக்கும் தோப்புகளில் அந்த ஒரு பார்வைகூட இல்லை. கீழே நிற்கும் நமக்கு மரத்தில் ஏதோ கோளாறு என்று தெரியும்போது, சிவப்புக் கூன் வண்டு உள்ளே வேலையை முடித்திருக்கும்.

மரம் ஏற ஆள் கிடைப்பது அரிதாகி, கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாகாத நிலையில், தரையில் நின்றே கொண்டையைப் பார்க்கத் தொலைநோக்கி வாங்கலாமா என்று யோசிக்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். வாங்கலாம். ஆனால் கடைக்குப் போனதும் குழப்பம் தொடங்கிவிடும். இரண்டு கண்ணாலும் பார்க்கும் பைனாகுலர் ஒரு பக்கம். டிரைபாட் எனப்படும் முக்காலியில் பொருத்தி ஒரு கண்ணால் பார்க்கும் ‘ஸ்பாட்டிங் ஸ்கோப்’ இன்னொரு பக்கம். ஸ்கோப்பிலும் 50 மி.மீ., 65 மி.மீ., 80 மி.மீ. என்று அளவுகள். பெரியதை வாங்கினால் நன்றாகத் தெரியும் என்று விற்பவர் சொல்வார். நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளி, ஏரியின் நடுவில் உட்கார்ந்திருக்கும் பறவையைப் பார்ப்பவருக்கு அது சரி. தென்னை மரத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

பெட்டி மீதுள்ள எண்கள்

பைனாகுலரில் 8×42 என்று போட்டிருந்தால், 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 42 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். ஸ்கோப்பில் 20-60×80 என்று இருக்கும். 20 மடங்கிலிருந்து 60 மடங்கு வரை திருகிக்கொள்ளலாம், முன் லென்ஸ் 80 மி.மீ. என்று பொருள். 50 மி.மீ. ஸ்கோப்புகளில் 12-36 மடங்கு என்ற அமைப்பு வழக்கம்.

மடங்கு என்பதை இப்படிப் புரிந்துகொள்ளுங்கள். 20 மீட்டர் தூரத்தில் உள்ள பொருளை 8 மடங்கில் பார்த்தால், இரண்டரை மீட்டர் தள்ளி நின்று வெறும் கண்ணால் பார்ப்பது போல. 12 மடங்கில் பார்த்தால் ஒன்றே முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 20 மடங்கில் ஒரு மீட்டர்.

இந்த 20 மீட்டரை நான் சும்மா சொல்லவில்லை. 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் 15 மீட்டர் உயர மரத்தைப் பார்க்க இரண்டு வரிசை தள்ளி நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தரையில் 15 மீட்டர் தூரம். உங்கள் கண்ணிலிருந்து கொண்டைக்குச் சாய்வாக அளந்தால் ஏறத்தாழ 20 மீட்டர்தான் வரும். ஓங்கி வளர்ந்த பழைய நெட்டை மரமாக இருந்தாலும் 30 மீட்டரைத் தாண்டுவது அபூர்வம்.

ஒரு மீட்டர் தள்ளி நின்று ஓலையைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தெரியுமோ, அதை 20 மடங்கு காட்டிவிடும். அதற்கு மேல் ஏற்றினால் லாபம் குறைவு, தொல்லை அதிகம். 8 மடங்குப் பைனாகுலரில் 20 மீட்டர் தூரத்தில் சுமார் இரண்டரை மீட்டர் அகலம் ஒரே பார்வையில் அடங்கும். பாதி ஓலை தெரியும். 20 மடங்கு ஸ்கோப்பில் சுமார் 70 சென்டிமீட்டர். 60 மடங்குக்குப் போனால் ஓர் அடி அகலம்தான். தென்னை ஓலை காற்றில் ஆடாமல் நிற்கும் நேரம் எவ்வளவு? ஓர் அடிச் சட்டத்துக்குள் அது வந்து வந்து போகும். எந்தக் கீற்றைப் பார்த்தோம் என்பதே மறந்துவிடும். 60 மடங்குக்குக் கொடுத்த காசு அங்கே வீண்.

பெரிய லென்ஸ் கூடுதல் வெளிச்சம் தராதா?

தரும். 80 மி.மீ. லென்ஸ், 50 மி.மீ. லென்ஸைவிட இரண்டரை மடங்கு ஒளியை வாங்குகிறது. அந்த ஒளி உங்கள் கண்ணுக்குள் போகிறதா என்பதுதான் கேள்வி.

முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுங்கள். வருவது, கண் வைக்கும் பக்கத்தில் வெளியே வரும் ஒளி வட்டத்தின் அளவு. 50 மி.மீ. ஸ்கோப்பை 20 மடங்கில் வைத்தால் 2.5 மி.மீ. வட்டம். 80 மி.மீ. ஸ்கோப்பை அதே 20 மடங்கில் வைத்தால் 4 மி.மீ. வட்டம். நல்ல பகல் வெளிச்சத்தில் நம் கண்மணியின் துளை 2 முதல் 3 மி.மீ. வரைதான் திறந்திருக்கும். நான்கு மில்லிமீட்டர் வட்டத்தில் ஓரத்து ஒளி கண்ணுக்குள் நுழையாமல் வெளியே விழுந்துவிடுகிறது. வாய்க்கால் கொள்ளும் அளவுக்குத்தானே தண்ணீர் போகும்? மோட்டாரைப் பெரிதாக்கினால் கரைதான் உடையும்.

மாலை மங்கும் நேரத்தில் கணக்கு மாறுகிறது. அப்போது கண்மணி ஐந்து மில்லிமீட்டருக்கு மேலும் விரியும் (வயதானவர்களுக்கு அவ்வளவு விரியாது). மலையடிவாரத் தோப்பில் காட்டுப் பன்றியோ யானையோ வரும் திசையை அந்தி நேரத்தில் கவனிக்க வேண்டியவர்களுக்கு 8×42 பைனாகுலர்தான் ஏற்றது. அதன் ஒளி வட்டம் 5 மில்லிமீட்டருக்கு மேல். 80 மி.மீ. ஸ்கோப்கூட 20 மடங்கில் அந்த அளவு தருவதில்லை. இருட்டிய பிறகு இவை எதுவுமே உதவாது. சாதாரண லென்ஸ் கருவியை ‘நைட் விஷன்’ என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

கழுத்து வலிக்காமல் பார்க்க

அளவைவிட முக்கியமான ஒன்றைப் பலர் கேட்பதே இல்லை. ஸ்கோப்பில் இரண்டு வடிவம் உண்டு. குழலும் கண் வைக்கும் பகுதியும் ஒரே கோட்டில் இருப்பது நேர் வடிவம். கண் வைக்கும் பகுதி 45 டிகிரி மேல்நோக்கி வளைந்திருப்பது சாய்வு வடிவம். தென்னைக்குச் சாய்வு வடிவம்தான் வேண்டும். இரண்டு வரிசை தள்ளி நின்று கொண்டையைப் பார்க்கும்போது குழல் ஏறக்குறைய 45 டிகிரி மேல்நோக்கி நிற்கும். சாய்வு வடிவமாக இருந்தால் உங்கள் பார்வை தரைக்கு இணையாக, சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பது போல இருக்கும். நேர் வடிவத்தை வாங்கினால் மண்டியிட்டுக் கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். நான்கு மரம் பார்ப்பதற்குள் ஸ்கோப்பை வீட்டுப் பரண் மேல் வைத்துவிடுவீர்கள்.

பைனாகுலரில் 8 மடங்கைக் கையில் பிடித்தே பார்க்கலாம். 10 மடங்கு வரை சமாளிக்கலாம், மரத்தில் சாய்ந்து நின்றால். அதற்கு மேல் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகிவிடும்; டிரைபாட் இல்லாமல் முடியாது. டிரைபாட்டுக்கும் பட்ஜெட்டில் இடம் ஒதுக்குங்கள். நல்ல ஸ்கோப்பை ஆடும் முக்காலியில் வைப்பது, புது எஞ்சினை உடைந்த மரத்தொட்டிலில் பூட்டுவது மாதிரி. 80 மி.மீ. ஸ்கோப் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கனக்கும். அதைத் தாங்கும் முக்காலியும் கனம். இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் வரப்பு தாண்டி மரம் மரமாக நகர்வது நடக்கிற காரியமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ. ஸ்கோப் ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும்.

கீழிருந்து எது தெரியும், எது தெரியாது

காண்டாமிருக வண்டு தாக்கிய மரத்தில், குருத்து விரிந்து ஓலையான பிறகு கத்தரியால் வெட்டியது போல முக்கோண வெட்டுகள் தெரியும். அதை வெறும் கண்ணாலும் பார்த்துவிடலாம். ஆனால் அது பழைய சேதம். இன்றைய தாக்குதலைப் பார்க்க மட்டையின் அடியைப் பார்க்க வேண்டும். துளையிலிருந்து மென்று தள்ளிய நார் பிதுங்கிக்கொண்டிருந்தால் வண்டு அண்மையில் வந்திருக்கிறது. இதற்கு 12 மடங்கே போதும். காண்டாமிருக வண்டு போட்ட காயத்தைத் தேடித்தான் கூன் வண்டு முட்டையிட வருகிறது. அதனால் இந்த நார் தெரிந்த மரத்துக்கு முதலில் ஆளை ஏற்றுங்கள்.

கூன் வண்டைப் பொறுத்தவரை, தண்டின் உயரமான பகுதியில் சிறு துளை, அதிலிருந்து வடியும் செம்பழுப்புச் சாறு, துளை வாயில் நார்த்துகள் ஆகியவற்றைத் தேட வேண்டும். மரத்தைச் சுற்றி வந்து நான்கு பக்கமும் பாருங்கள். உள்ளடுக்கு ஓலை மஞ்சளாவது அடுத்த அறிகுறி. கொண்டை சாய்ந்த மரத்தைக் காப்பாற்ற வழியில்லை. அதை வெட்டி உள்ளிருக்கும் புழுக்களை அழிப்பது பக்கத்து மரங்களைக் காப்பதற்காகத்தான்.

வெள்ளை ஈக்குத் தொலைநோக்கி மிகவும் கை கொடுக்கும். ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ 2016ல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்டது முதல் தென்னை விவசாயிகள் படும் பாடு தெரிந்ததுதான். அது ஓலையின் அடிப்பக்கத்தில் சுருள் சுருளாக வெள்ளை மெழுகோடு முட்டையிடுகிறது. ட்ரோன் மேலிருந்து பார்க்கும். அடிப்பக்கம் அதற்குத் தெரியாது. கீழே நிற்கும் உங்களுக்கு அடிப்பக்கம்தான் தெரியும். 8 மடங்கில் வெள்ளைத் திட்டுகள் தெரியும், 15 - 20 மடங்கில் சுருள் வடிவமே தெரியும்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. வெள்ளையைப் பார்த்தவுடன் மருந்துக் கடைக்கு ஓடக்கூடாது. பழைய சுருள்களும் வெள்ளையாகவே ஓலையில் ஒட்டியிருக்கும். என்கார்சியா ஒட்டுண்ணி தாக்கிய வெள்ளை ஈக் குஞ்சுகள் கருத்துவிடும். அவை நமக்கு நண்பனின் அடையாளம். அதை 20 மீட்டர் தூரத்திலிருந்து எந்த ஸ்கோப்பும் உறுதியாகக் காட்டாது. ஒரு ஓலையை இறக்கி, 10 மடங்குக் கை லென்ஸில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒட்டுண்ணி பெருகி வரும் தோப்பில் பூச்சிக்கொல்லி அடித்தால் முதலில் சாவது ஒட்டுண்ணி. விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி, விசையோடு தண்ணீர் பீய்ச்சுதல், கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாக் கரைசல் ஆகியவற்றைத்தான் வேளாண் பல்கலைக்கழகமும் முன்னே வைக்கிறது.

ஈரியோபைட் சிலந்தியும் அப்படியே. கண்ணுக்கே தெரியாத அதை ஸ்கோப்பில் தேடுவது வீண். குரும்பையின் தொப்பிக்குக் கீழே வெளிறிய முக்கோணத் திட்டு, பிறகு அது பழுப்பாகி வெடிப்பு விடுவது, இந்த அறிகுறிகள்தான் தெரியும். மரத்தடியில் நின்று அண்ணாந்தால் காயின் அடிமுனைதான் கண்ணில் படும், தொப்பி மறைந்துவிடும். இரண்டு மூன்று வரிசை தள்ளிப் போங்கள், தொப்பி தெரியும். ஓலையின் அடிப்பக்கத்துக்குக் கிட்டே, குலைக்கும் நடுக்குருத்துக்கும் தள்ளி என்று நினைவில் வைத்தால் போதும்.

கருந்தலைப் புழுவில் கீழடுக்கு ஓலைகள் தீய்ந்தது போலக் காயும். ஓலையின் அடியில் எச்சமும் நூலும் கலந்த கூடுகள் ஸ்கோப்பில் தெரியும். ஒட்டுண்ணி விடுவதற்குப் புழு எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமே, அதற்குக் கீற்றை வெட்டி இறக்கியே ஆக வேண்டும். குருத்தழுகலின் தொடக்கமும் கொண்டையின் உள்ளே மறைந்திருக்கும். நடுக்குருத்து வெளிறி வாடுவது தெரிந்தால் அன்றே ஆளை ஏற்றுங்கள்.

ஏக்கருக்கு ஏறத்தாழ 70 மரம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க வேண்டியதில்லை. ஓரத்தில் நான்கு, உள்ளே ஆறு என்று வாரம் பத்து மரம், அடுத்த வாரம் வேறு பத்து மரம் பாருங்கள். சந்தேகப்பட்ட மரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வைத்தால், ஏறும் ஆளிடம் எந்த மரம் என்று காட்டச் சிரமம் இல்லை. அவருக்குக் கொடுக்கும் கூலி பத்து மரத்துக்குப் பதில் இரண்டு மரத்தோடு முடியும்.

எப்போது பார்ப்பது?

காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை, அல்லது மாலை நான்குக்குப் பிறகு. அப்போது சாய்வாக வரும் வெயில் ஓலையின் அடியிலும் படும். காற்றும் காலையில் குறைவு. உச்சி வேளையில் வானம் வெள்ளையாகப் பளிச்சிட, ஓலை கறுப்பு நிழலாகத்தான் தெரியும். சூரியன் எப்போதும் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். தொலைநோக்கி வழியாக ஒரு நொடி சூரியனைப் பார்த்தாலும் பார்வை போகும். ஓலை இடுக்கில் தேடிக்கொண்டே போகும்போது தவறிச் சூரியன் மேல் போய்விடும் ஆபத்து தென்னந்தோப்பில் அதிகம். குழந்தைகள் கையில் தனியாகக் கொடுக்க வேண்டாம்.

யாருக்கு எது?

சொந்தத் தோப்பைப் பார்க்கும் விவசாயி முதலில் 8×42 பைனாகுலர் வாங்கட்டும். மேலே சொன்ன வேலைகளில் பெரும்பகுதி அதிலேயே முடியும். பன்றி காவலுக்கும் அதே உதவும். அதில் போதாது என்று தோன்றினால் 50 மி.மீ. சாய்வு ஸ்கோப்.

வேளாண் உதவி அலுவலர்கள், தோப்பு தோப்பாகச் சுற்றும் ஆலோசகர்கள் இருசக்கர வாகனத்தில் எடுத்துப்போக 50 மி.மீ. ஸ்கோப்தான் வசதி. செல்போனை ஸ்கோப்பில் பொருத்தும் சிறு பிடிப்பான் கிடைக்கிறது. படம் எடுத்து ஆழியாறு நகர், வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையங்களில் உள்ளவர்களிடம் காட்டினால், ‘ஓலை ஒரு மாதிரி இருக்குங்க’ என்று வாயால் விவரிப்பதைவிட ஆயிரம் மடங்கு தெளிவு. செல்போனின் சொந்த ஜூமை மட்டும் நம்பினால், எல்லை தாண்டியதும் அது இருக்கும் புள்ளிகளையே இழுத்துப் பெரிதாக்கும். புதிதாக எதையும் காட்டாது.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ குழுவோ சேர்ந்து ஒன்று வாங்கி, படம் எடுப்பதையே முக்கிய வேலையாக வைத்திருந்தால் 65 மி.மீ. வாங்கலாம். 25 - 30 மடங்கில் படம் எடுக்கும்போது 50 மி.மீ. ஸ்கோப்பில் ஒளி குறைந்து படம் மங்கும். 65 அந்த இடத்தில் தாக்குப்பிடிக்கும். 80 மி.மீ. ஸ்கோப்பைத் தென்னைக்காக வாங்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. மலைச்சரிவில் அரைக் கிலோமீட்டர் எதிரே உள்ள தோட்டத்தை வீட்டிலிருந்தே கவனிப்பவர்களுக்கு அது பயன்படும். அங்கும் வெயில் ஏறியதும் கானல் அலையில் காட்சி நெளியும். 30 மடங்குக்கு மேல் போனால் தெளிவு இருக்காது.

கடையில் ஓர் அடி ஸ்கேலோடு போங்கள்

ஒரே விலையில் பெரிய மட்டமான கண்ணாடியும் சிறிய தரமான கண்ணாடியும் இருந்தால் சிறியதை எடுங்கள். கடைக்கு வெளியே வந்து, வானத்தைப் பின்னணியாகக் கொண்ட ஓர் ஓலை நுனியையோ மின்கம்பியையோ பாருங்கள். விளிம்பில் ஊதா அல்லது பச்சைக் கோடு அடர்த்தியாகத் தெரிந்தால் வேண்டாம். நீங்கள் தினமும் பார்க்கப் போவதே வானத்துக்கு எதிரே உள்ள ஓலையைத்தான். ‘ஈ.டி.’ கண்ணாடி உள்ள ஸ்கோப்புகளில் இந்தக் கோளாறு குறைவு, விலை கூடுதல்.

சந்தையிலும் இணையத்திலும் மலிவாக விற்கும் ஒற்றைக் குழல்களில் 40×60 என்று எழுதியிருக்கும். இதை நீங்களே சோதிக்கலாம். குழலைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்து வானத்தைப் பார்த்தபடி, கண் வைக்கும் பக்கத்தில் தெரியும் ஒளி வட்டத்தை ஸ்கேலால் அளங்கள். முன் லென்ஸையும் அளங்கள். முன் லென்ஸ் அளவை வட்டத்தின் அளவால் வகுத்தால் உண்மையான மடங்கு வரும். 40×60 என்றால் வட்டம் ஒன்றரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 5 மி.மீ. வட்டமும் 50 மி.மீ. லென்ஸும் இருந்தால் அது பத்து மடங்குக் குழல். அட்டையில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் அதைப் போட்டபடியே பார்த்து, வட்டம் முழுதாகத் தெரிகிறதா என்று உறுதி செய்யுங்கள். நீர் புகாத வகை என்று எழுத்தில் இருந்தால் நம் ஊர் ஈரத்துக்கு நல்லது.

வாங்கிய பிறகு லென்ஸைத் தோள் துண்டால் துடைக்காதீர்கள். துண்டில் உள்ள மண்துகள் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதித் தூசியைப் போக்கி, பிறகு லென்ஸ் துணியால் மெல்லத் துடைக்கலாம். மருந்து அடிக்கும் நாளில் தோப்புக்குள் எடுத்துப்போக வேண்டாம். மழைக்காலத்தில் ஈரப் பையோடு பெட்டிக்குள் மூடிவைத்தால் லென்ஸின் உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சணம் படரும். அதை எடுக்கக் கடையில் பிரித்தாக வேண்டும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் நான்கைந்து சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை பொட்டலத்தை மாற்ற வேண்டும்.